ஹிஸ்டரி குரூப்பா... ஐயோ பாவம்!

ஏப்ரல் மாதம் பாதி தாண்டிவிட்டால் கோவை அவிநாசி ரோட்டில் வெயிலைவிட விளம்பரத் தட்டிகள்தான் அதிகமாக அடிக்கும். நீட் க்ராஷ் கோர்ஸ், ஜே.இ.இ. ஃபவுண்டேஷன், ஸ்போக்கன் இங்கிலீஷ், அபாகஸ், ரோபாட்டிக்ஸ், கையெழுத்துப் பயிற்சி, நீச்சல்... எல்லாவற்றுக்கும் கோடை வகுப்பு உண்டு. ஆறாம் வகுப்புப் பொடியனுக்கே ஐ.ஐ.டி.க்கு அஸ்திவாரம் போட்டுத் தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். ஹோப் காலேஜில் தொடங்கி உப்பிலிபாளையம் வரை நடந்து பாருங்கள். 'ஜூன் மாதம் ப்ளஸ் டூ வரலாறு படிக்கப் போகிறாயா தம்பி? வா, அதற்குள் உலகத்தை ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறோம்' என்று ஒரே ஒரு தட்டி கண்ணில் பட்டால் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

படாது. கொங்கு நாட்டில் வரலாறு ஒரு பாடமே கிடையாது. அது ஒரு தண்டனை. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் வந்தவுடன் பிள்ளைகளைச் சல்லடையில் போட்டுச் சலிக்கிறோம். மேலே நிற்பதெல்லாம் ஃபர்ஸ்ட் குரூப். அடுத்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். கீழே உதிர்கிற தவிட்டை அள்ளி ஹிஸ்டரி குரூப்பில் கொட்டுகிறோம். பல தனியார் பள்ளிகளில் கொட்டுவதற்குக்கூட இடமில்லை, அந்தக் குரூப்பே அங்கே கிடையாது.

கல்யாண மண்டபத்தில் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

'பையன் என்ன குரூப்புங்க?'

'ஹிஸ்டரிங்க.'

'அட... மார்க்கு கம்மியாப் போச்சுங்களா?'

துக்கம் விசாரிக்கிற குரல். பையன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பான். அவனுக்கு அந்தப் பாடம் நிஜமாகவே பிடித்திருக்கலாம் என்பது கேட்டவருக்கும் தோன்றாது, பதில் சொன்ன அப்பாவுக்கும் தோன்றாது.

இந்தக் கோடை வியாபாரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

2007-ல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு ஒழிந்தது. ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம் என்று ஆனது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகளுக்கு அடித்தது யோகம். கோழிப்பண்ணைக்குப் பேர் போன வட்டாரம் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்களே பெயர் வைத்தார்கள். தொழில்நுட்பமும் கிட்டத்தட்ட அதேதான். அடைத்து வை, விளக்கை அணைக்காதே, நேரத்துக்குத் தீவனம் போடு. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஆரம்பித்துவிடும். நடுவில் பதினொன்றாம் வகுப்பு என்று ஒன்று இருந்ததே? அது அட்மிஷன் ரெஜிஸ்டரில் மட்டும் இருந்தது. ஒரே புத்தகத்தை இரண்டு வருடம் அரைத்தார்கள். ஒரு வருடப் படிப்பையே முழுங்கி ஏப்பம் விட்டார்கள்.

பெற்றோர்கள் கோபப்பட்டார்களா? வரிசையில் நின்று ஃபீஸ் கட்டினார்கள்.

இந்தக் கூத்து தாங்காமல்தான் 2017-ல் அரசு பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. முதல் தேர்வு 2018 மார்ச்சில் நடந்தது. மாநில ரேங்க் அறிவிப்பதும் 2017-ல் நின்றது. அதே வருடம் மருத்துவப் படிப்புக்கு நீட் வந்தது. தீவனம் மாறியது, பண்ணை மாறவில்லை. பிறகு 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு கிடையாது என்று சொல்லிவிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பிள்ளைகளை நசுக்குவதைக் குறைக்கத்தான் இந்த முடிவு. நியாயம்தான். ஆனால் பூட்டை எடுத்தவுடன் பழைய திருடர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்களா என்பது என் கேள்வி. பதினொன்றாம் வகுப்பு மறுபடியும் ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கிற வகுப்பாகிவிடக் கூடாது. ஒவ்வொரு மே மாதமும் கோடை வகுப்பு நடத்தக் கூடாது என்று சுற்றறிக்கை வருவதும், ஒவ்வொரு மே மாதமும் மஞ்சள் பஸ் ஓடுவதும் நமக்குப் பழகிப்போன காட்சிகள்தானே?

வேடிக்கை ஒன்று சொல்கிறேன். 2019-ல் வந்த பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தின் முதல் பாடமே முதல் உலகப்போர். புத்தகத்தில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டது 1914 ஜூன் 28. எங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் ஏப்ரலிலேயே சுட்டுவிடுவார்கள். ஏன் சுட்டான், யார் அவன், செர்பியா எங்கே இருக்கிறது என்றெல்லாம் யாரும் கேட்கக் கூடாது. ஒன் வேர்டுக்கு விடை 'சாராயேவோ'. அடுத்த கேள்விக்குப் போ.

ப்ளஸ் டூ வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறீர்களா? 15 பாடங்கள். முதல் ஒன்பது, இந்திய விடுதலைப் போராட்டமும் அதன் பிறகு நடந்ததும். பத்தாவதில் ஆரம்பிக்கிறது உலகம். மறுமலர்ச்சி, அமெரிக்கப் புரட்சி, பிரெஞ்சுப் புரட்சி, தொழிற்புரட்சி, ஏகாதிபத்தியம், இரண்டு உலகப் போர்கள், பனிப்போர் என்று ஐந்நூறு வருடத்தை ஆறு பாடத்தில் அடைத்திருக்கிறார்கள். புத்தகம் ஒன்றும் மோசமில்லை. அதைப் படிக்கப் போகிற பிள்ளைக்குத்தான் எந்த ஏற்பாடும் இல்லை. இயற்பியல் படிக்கப் போகிறவனுக்கு இரண்டு மாத பிரிட்ஜ் கோர்ஸ். உலகத்தைப் படிக்கப் போகிறவனுக்கு ஒரு உலக வரைபடம்கூட வீட்டில் இல்லை. பாரிஸ் எந்தப் பக்கம், ரஷ்யா எந்தப் பக்கம் என்று தெரியாமலே நெப்போலியனை மாஸ்கோவுக்கு அனுப்புகிறான். ஜனவரியில் கைடு வாங்குகிறான். மார்ச்சில் எழுதுகிறான். ஏப்ரலில் மறக்கிறான்.

'சரிங்க, ஹிஸ்டரி படிச்சுப்போட்டு என்ன பண்றதுங்க? சோறு போடுமுங்களா?'

கொங்கு நாட்டுக்காரர் கேட்கிற கேள்வி இது. நானும் பி.காம். படித்தவன்தான், பற்றும் வரவும் பார்க்காமல் பேசுகிற ஆள் இல்லை. அதனால் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன்.

கோவைக்கு நாம் சூட்டிக்கொண்ட பட்டம் என்ன? 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்'. மேடைக்கு மேடை முழங்குகிறோம். நிஜ மான்செஸ்டரில் என்ன நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 1819 ஆகஸ்ட் 16. அங்கே செயின்ட் பீட்டர்ஸ் மைதானத்தில் சுமார் 60 ஆயிரம் பேர் கூடினார்கள். நெசவாளிகள், மில் தொழிலாளர்கள், குழந்தை குட்டியோடு வந்த பெண்கள். அவ்வளவு பெரிய ஊருக்கு நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர்கூட இல்லை, எங்களுக்கும் ஓட்டு வேண்டும் என்பதுதான் கோரிக்கை. குதிரைப்படையை ஏவினார்கள். குறைந்தது 15 பேர் செத்தார்கள், நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். நான்கு வருடம் முன்பு நடந்த வாட்டர்லூ யுத்தத்தைக் கிண்டல் செய்து அதற்கு 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள். 1842-ல் அதே ஊருக்கு, அப்பா பங்குதாரராக இருந்த பஞ்சு மில்லில் வேலை பார்க்க ஒரு ஜெர்மன் இளைஞர் வந்தார். தொழிலாளர்கள் குடியிருந்த சந்துகளைப் பார்த்து 1845-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பெயர் எங்கெல்ஸ். அதற்குப் பிறகு பாதி உலகத்தின் தலையெழுத்து மாறியது.

இந்த மான்செஸ்டர் தெரியாமல் நம் மான்செஸ்டர் எப்படிப் புரியும்? 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பாலை தொடங்கினார். 1930-களில் உலகப் பொருளாதார மந்தம் வந்து லங்காஷயர் மில்கள் வரிசையாகப் படுத்தன. அதே காலத்தில் பைக்காரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் வரிசையாக எழுந்தன. அங்கே வரவு குறைந்தது, இங்கே வரவு ஏறியது. 1946 ஜனவரி 8-ஆம் தேதி கோவைச் சிறையில் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளர்கள் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். பீட்டர்லூவைப் படித்த பிள்ளைக்கு சின்னியம்பாளையம் வேறு மாதிரி தெரியும். இரண்டும் தெரியாத பிள்ளைக்கு அது அவிநாசி ரோட்டில் ஒரு பஸ் ஸ்டாப்.

இன்னும் பின்னால் போகலாம். ரோமாபுரியில் பிளினி என்று ஒருவர், கிறிஸ்து பிறந்து எழுபத்தைந்து வருடம் ஆனபோது புலம்பி எழுதினார். வருஷா வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போய்விடுகிறதே என்று. இன்றைக்கு டி.வி.யில் பேசுகிற 'வர்த்தகப் பற்றாக்குறை'தான் அது. அந்தப் பணம் எங்கே வந்தது? கரூரில் கிடைத்தது. நம் வெள்ளலூரில் 1842-ல் நூற்றுக்கணக்கான ரோமானிய வெள்ளிக் காசுகள் பானையோடு கிடைத்தன. நொய்யல் கரையில், சென்னிமலைப் பக்கம் கொடுமணலில் மணிக்கற்களைப் பட்டை தீட்டிய பட்டறைகளையே தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஏற்றுமதி திருப்பூருக்குப் புதுசு என்று யார் சொன்னது? ஆனால் இன்று கோவைக்காரரிடம் வெள்ளலூர் என்று சொல்லிப் பாருங்கள். மூக்கைப் பொத்துவார். நமக்கு அந்த ஊர் மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு.

கோவையில் 'பிளேக் மாரியம்மன்' கோயில்கள் இருக்கின்றன. கும்பிட்டுவிட்டு வருகிறோம். அம்மனுக்கு ஏன் இங்கிலீஷ் பெயர் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? 1894-ல் ஹாங்காங், 1896-ல் பம்பாய், அடுத்த சில வருடங்களில் ரயிலேறி கோவை. நீராவிக் கப்பலும் ரயிலும் சரக்கோடு சேர்த்து எலியையும் நோயையும் சுமந்து வந்த கதை அது. 2020-ல் கொரோனா வந்தபோது அந்தக் கதை தெரிந்த வீடுகளில் கொஞ்சம் நிதானம் இருந்திருக்கும்.

பழைய கதை எதுக்குங்க என்பவர்களுக்குப் புதுக் கணக்கும் இருக்கிறது. 2005 ஜனவரி 1-ஆம் தேதி உலக ஜவுளி வர்த்தகத்தில் கோட்டா முறை ஒழிந்தது. 2008-ல் அமெரிக்காவில் வங்கி கவிழ்ந்தது. 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. அந்தப் போராட்டம் தொடங்கியதே, 1971 விடுதலைப் போரில் நின்றவர்களின் வாரிசுகளுக்கு அரசு வேலையில் ஒதுக்கீடு என்ற விவகாரத்தில்தான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் மீது 50 சதவீத வரி போட்டது. அதில் பாதி, ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்குத் தண்டனை. ரஷ்யாவுக்கும் உக்ரைனுக்கும் என்ன தகராறு என்பதற்கு முந்நூறு வருடக் கதை உண்டு. அந்தக் கதைக்கும் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்டைம் நின்றுபோன டெய்லரின் சனிக்கிழமைச் சம்பளத்துக்கும் நேர்க்கோடு போடலாம். இத்தனைக்கும் பிறகு வரலாறு சோறு போடுமா என்று கேட்கிறீர்கள். சோறு போடுகிறதோ இல்லையோ, தட்டைப் பிடுங்கிக்கொண்டு போகத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கமிருந்து பிடுங்குகிறார்கள் என்றாவது தெரிய வேண்டாமா?

இதே கொங்கு நாட்டுக் குடும்பங்களின் பேரன் பேத்திகள் அமெரிக்காவில் படிக்கிறார்கள். ஆறு மாத விசாவில் போய்வரும் அப்பாருவும் ஆத்தாவும் வந்து சொல்லும் பெருமைகளில் 'ஏ.பி. வேர்ல்ட் ஹிஸ்டரி' என்பதும் ஒன்று. பள்ளியில் படிக்கும்போதே கல்லூரித் தரத்தில் உலக வரலாறு. பெரும்பாலும் பத்தாம் வகுப்பில் எடுக்கிறார்கள். கோடை விடுமுறைக்குப் போகும்போதே பல பள்ளிகளில் கையில் ஒரு புத்தகமும் வரைபட வேலையும் கொடுத்து அனுப்புகிறார்கள். பரீட்சையில் ஒரு கேள்வி இப்படி: ஏழு ஆவணங்களைக் கொடுத்துவிடுவார்கள். கடிதம், படம், அரசாங்க உத்தரவு என்று எதுவும் இருக்கலாம். அதைப் படித்து, யார் எழுதியது, எதற்காக எழுதியிருப்பான், நம்பலாமா என்று யோசித்து, உன் வாதத்தை நீயே கட்டு. மணி 60 நிமிடம்.

2018-ல் ஒரு சண்டை நடந்தது. அந்தத் தேர்வை நடத்தும் காலேஜ் போர்டு, பாடத்தை 1450-லிருந்து ஆரம்பிக்கிறோம் என்று அறிவித்தது. ஆசிரியர்களும் மாணவர்களும் கொதித்துவிட்டார்கள். ஐரோப்பியன் கப்பலேறிய பிறகுதான் உலகத்துக்கு வரலாறே வந்ததா, ஆப்பிரிக்காவும் ஆசியாவும் அதற்கு முன்னால் தூங்கிக்கொண்டா இருந்தன என்று கேட்டார்கள். இரண்டே மாதத்தில் போர்டு இறங்கிவந்து 1200 என்று மாற்றியது. சில நூறு வருடப் பாடத்துக்கு அங்கே இவ்வளவு சண்டை. ஒரு முழு வகுப்பையே தூக்கிப் போட்டபோது இங்கே நாம் ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம்.

அமெரிக்காவைத் தூக்கி வைத்துக் கொண்டாட நான் வரவில்லை. அங்கேயும் காலேஜ் அட்மிஷனுக்காக இந்த கோர்ஸ்களை அள்ளிப் போட்டுக்கொள்கிற வெறி உண்டு. நம்மவர்கள்தான் அதிலும் முன்னால் நிற்கிறார்கள். என் எரிச்சல் வேறு. டல்லஸில் இருக்கிற பேத்தி உலக வரலாறு படித்தால் பெருமை, தாராபுரத்தில் இருக்கிற பேரன் படித்தால் பரிதாபமா? ஒரே குடும்பம், ஒரே பாடம், இரண்டு மரியாதை!

இன்னொரு கூத்தையும் பாருங்கள். பி.இ. முடித்து, இரண்டு வருடம் ஐ.டி.யில் இருந்து, ஐ.ஏ.எஸ். ஆசை வந்து சென்னை அண்ணா நகரில் ரூம் எடுத்துத் தங்குகிறார்களே நம் பையன்கள், அங்கே என்ன படிக்கிறார்கள்? 2013-லிருந்து மெயின்ஸ் பொதுப் பாடத்தில் உலக வரலாறு இருக்கிறது. தொழிற்புரட்சி, உலகப் போர்கள், காலனி ஆதிக்கம், கம்யூனிசம், முதலாளித்துவம். பதினாறு வயதில் 'அதெல்லாம் வேண்டாம் கண்ணு' என்று பிடுங்கி வைத்ததை இருபத்தைந்து வயதில் பணம் கட்டிப் படிக்கிறான்.

'அப்போ வரலாற்றுக்கும் ஒரு சம்மர் க்ளாஸ் வைக்கச் சொல்றீங்களா? பிள்ளைகளை விளையாடவே விடக் கூடாதா?' என்று ஒரு வாசகர் கேட்பார். நியாயமான கேள்வி. தயவுசெய்து க்ளாஸ் வைக்காதீர்கள். வைத்தால் ஒரே மாதத்தில் 'வேர்ல்ட் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' என்று தட்டி வைத்து, பிரெஞ்சுப் புரட்சிக்கும் ஷார்ட்கட் சொல்லிக் கொடுத்து, அந்தப் பாடத்தையும் கொன்றுவிடுவார்கள். உலக வரலாற்றுக்குத் தயாராவதற்கு மாங்காய் அடிக்கிற நேரத்தைத் திருட வேண்டியதில்லை. நான் சொல்வது நான்கே விஷயம்.

ஒன்று, சுவரில் ஒரு பெரிய உலக வரைபடம் ஒட்டுங்கள். ராசி பலன் காலண்டர் மாட்டுகிற இடம் போதும். செய்தியில் எந்த ஊர் பெயர் வந்தாலும் பிள்ளை எழுந்துபோய் விரலை வைக்கட்டும்.

இரண்டு, ப்ளஸ் டூ புத்தகத்தின் அந்தக் கடைசி ஆறு பாடங்களைக் கதைப் புத்தகம் மாதிரி ஒரு தடவை வாசிக்கட்டும். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கேள்வி பதில் பக்கத்தைத் திறக்கவே கூடாது. ருசி வந்துவிட்டால் நேருவின் 'உலக சரித்திரம்' இருக்கிறது. 1930 முதல் 1933 வரை சிறையில் இருந்தபடி, கையில் இருந்த குறிப்புகளையும் ஞாபகத்தையும் வைத்து மகளுக்கு எழுதிய 196 கடிதங்கள். ஆரம்பித்தபோது இந்திராவுக்கு 13 வயது. உங்கள் வீட்டுப் பிள்ளையைவிடச் சின்னப் பெண்.

மூன்று, ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள். ஊட்டிக்கு வேண்டாம், அங்கே ஏற்கெனவே டிராஃபிக் ஜாம். கொடுமணலுக்குப் போங்கள். சங்ககிரிக் கோட்டைக்குப் போங்கள். 1805-ல் தீரன் சின்னமலையை அங்கேதான் தூக்கில் போட்டார்கள். அவர் துணை நின்ற திப்பு சுல்தானுக்கு, 1799-ல் எகிப்திலிருந்து நெப்போலியன் கடிதம் எழுதியதையும் அந்தக் கோட்டையில் நின்றே சொல்லுங்கள். பிரெஞ்சுப் புரட்சி அப்புறம் எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்காது.

நான்கு, வீட்டில் இருக்கிற அப்புச்சியைப் பேச விடுங்கள். மில் சங்கு ஊதி ஊர் எழுந்த காலம், ரேஷனுக்கு நின்ற காலம், அமெரிக்கக் கோதுமை வந்த காலம், மில் மூடிய காலம் எல்லாம் அவரிடம் இருக்கிறது. அவர் சொல்வதைப் பிள்ளை எழுதி வைக்கட்டும். அதுவும் ஒரு ஆவணம்தான்.

இதற்கு ஃபீஸ் கிடையாது, பஸ் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது. அதனாலேயே பல பெற்றோருக்கு நம்பிக்கை வராது என்பதும் எனக்குத் தெரியும். காசு கொடுக்காத படிப்பைப் படிப்பென்று நினைக்கிற பழக்கம் போய் ரொம்ப நாளாகிறது.

பள்ளி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று. ஹிஸ்டரி குரூப்பைத் திறந்து வையுங்கள். எடுக்க ஆளில்லை என்று சொல்லாதீர்கள். எடுக்க வந்த பிள்ளையிடம் 'நல்ல மார்க் வெச்சுக்கிட்டு ஏம்ப்பா இது?' என்று கேட்டு அனுப்பியது யார்? பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு இல்லை என்பதற்காகப் பதினொன்றாம் வகுப்பே இல்லை என்று ஆக்கிவிடாதீர்கள். அரசுக்கும் சொல்கிறேன்: தேர்வை எடுத்தீர்கள், சரி. பாடம் நடக்கிறதா என்று பார்க்க என்ன வைத்திருக்கிறீர்கள்? சுற்றறிக்கை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வருகிற ஜூனில் அரசுப் பள்ளியின் வரலாற்று வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்காரப் போகிற பிள்ளைக்கு: தம்பி, கண்ணு, உன்னைப் பார்த்து 'ஐயோ பாவம்' என்கிறவர்களிடம் மான்செஸ்டர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டுப் பார். 'நம்ம கோயமுத்தூர்தான்' என்பார்கள்.